பேர் கெட்டவளின் பேர்

கிரேக்கப் பெயர்கள் எனக்கு வாயிலும் நிற்பதில்லை, மனதிலும் நிற்பதில்லை. பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிய, ஏதென்ஸ் நகரத்தின் தலைவர் பெரிக்ளீஸின் வாழ்க்கை வரலாற்றை இரண்டாம் தடவை படிக்க உட்கார்ந்தேன். முதல் தடவை மாதிரி தடுமாறக் கூடாது என்று, கிழித்துப் போட்ட மாதக் காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் குடும்ப மரம் வரைந்துகொண்டே படித்தேன். மேலே அப்பா சாந்திப்பஸ். பக்கத்தில் அம்மா அகரிஸ்டே. சிங்கத்தைப் பெற்றெடுப்பதாகக் கனவு கண்டு, சில நாள் கழித்துப் பெரிக்ளீஸைப் பெற்றவர். கீழே பெரிக்ளீஸ். அவருக்குப் பக்கத்தில் மனைவிக்கு ஒரு கட்டம். அங்கே பேனா நின்றுவிட்டது.

மனைவியின் பெயரைப் புளூட்டார்க் சொல்லவில்லை. மற்றதெல்லாம் சொல்கிறார். பெரிக்ளீஸுக்கு நெருங்கிய சொந்தக்காரி. முதலில் ஹிப்போனிகஸ் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டு, ‘பணக்காரக் கல்லியாஸ்’ என்று ஊரே அழைத்த மகனைப் பெற்றாள். அப்புறம் பெரிக்ளீஸின் மனைவியாகி சாந்திப்பஸ், பாரலஸ் என்று இரண்டு பிள்ளைகள். (மூத்தவனுக்குத் தாத்தா பெயர். அந்த வழக்கம் அங்கேயும் உண்டு.) இருவருக்கும் ஒத்துவரவில்லை, அவள் சம்மதத்தோடே அவளை வேறொருவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, பெரிக்ளீஸ் அஸ்பாசியாவோடு வாழப் போனார். முதல் கணவனுக்குப் பெயர் இருக்கிறது, இரண்டாம் கணவனுக்குச் சொல்லவே வேண்டாம், மூன்று மகன்களுக்கும் பெயர் இருக்கிறது. அவளுக்கு மட்டும் இல்லை.

அடுத்த கட்டம் அஸ்பாசியாவுக்கு. அங்கே எழுத இடம் போதவில்லை. அப்பா பெயர் அக்ஸியோகஸ். ஊர் மிலேட்டஸ். பெரிக்ளீஸ் இறந்தபின் யாரோடு வாழ்ந்தாள், அவன் என்ன தொழில் செய்தான், அவளை யார் எந்த நாடகத்தில் என்ன சொல்லித் திட்டினார்கள், எவன் வழக்குப் போட்டான், எல்லாம் கிடைக்கிறது. கட்டத்தைத் தாண்டி ஓரமெல்லாம் எழுதினேன்.

முறைப்படி தாலி கட்டியவள் மாதிரியானவளுக்குப் பெயரே இல்லை. ஊர் வாயில் விழுந்தவளுக்குப் பக்கம் பக்கமாகச் செய்தி. முதலில் இதை ஏதோ தற்செயல் என்றுதான் நினைத்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, ஏதென்ஸில் அதுதான் ஒழுங்கு.

நமக்குப் பேர் என்றால் கூப்பிடும் பெயரும்தான், ஊரில் இருக்கும் மதிப்பும்தான். ‘பேர் கெட்டுப்போச்சு’ என்கிறோம், ‘நல்ல பேர் எடுத்தாள்’ என்கிறோம். ஏதென்ஸில் ஒரு குடிமகனின் பெண்டாட்டிக்கு நல்ல பேர் நிற்க வேண்டுமென்றால் அவள் பேர் வெளியே தெரியக் கூடாது. அந்த ஊர் நீதிமன்றத்தில் பேசிய பேச்சுகள் பல இன்றைக்கும் கிடைக்கின்றன. சொத்துத் தகராறு, வாரிசுத் தகராறு என்று பெண்களைச் சுற்றியே நடந்த வழக்குகள் அவற்றில் நிறைய. ஆனால் உயிரோடு இருக்கும் கௌரவமான பெண்ணைக் குறிப்பிடும்போது ‘இன்னாரின் மகள்’, ‘இன்னாரின் தாய்’ என்று சுற்றி வளைப்பார்கள். பெயர் சொல்வதென்றால் அவள் செத்துப் போயிருக்க வேண்டும், இல்லை ‘அப்படிப்பட்டவள்’ என்று பேர் வாங்கியிருக்க வேண்டும், இல்லை எதிராளி வீட்டுப் பெண்ணாக இருக்க வேண்டும். எதிராளியின் தாயை நாலு பேர் முன்னால் பெயர் சொல்லி அழைப்பதே ஒரு வசவு.

இந்த ஒழுங்கை நேராகவே சொன்னவர் பெரிக்ளீஸ். கி.மு. 431-இல் ஸ்பார்ட்டாவோடு போர் தொடங்கியது. முதல் ஆண்டு முடிந்த குளிர்காலத்தில், செத்த வீரர்களின் எலும்புகளைப் புதைத்துவிட்டு, நகரத்தின் சார்பில் அவர் இரங்கல் உரை ஆற்றினார். துசிடிடீஸ் தன் வரலாற்றில் அதைப் பதிவு செய்திருக்கிறார். உரையின் கடைசியில், தாலியறுத்து நிற்கும் பெண்களைப் பார்த்து ஒரு புத்தி சொல்கிறார். ஆண்களின் பேச்சில் எவள் பெயர் மிகக் குறைவாக அடிபடுகிறதோ அவளுக்கே பெருமை. புகழ்ந்தாலும் சரி, இகழ்ந்தாலும் சரி.

சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குத்தான் போயிருப்பார். வீட்டில் அஸ்பாசியா. ஏதென்ஸ் ஆண்களின் பேச்சில் அந்த ஆண்டில் அவளைவிட அதிகமாக அடிபட்ட பெண் யாரும் இருந்திருக்க மாட்டாள்.

துசிடிடீஸ் இன்னொரு வேலையும் செய்தார். பெரிக்ளீஸைப் பற்றி அத்தனை பக்கங்கள் எழுதியவர், அஸ்பாசியா என்ற பெயரைத் தன் நூல் முழுக்க ஓரிடத்தில்கூட எழுதவில்லை. அதை மரியாதை என்று எடுத்துக்கொள்வதா, புறக்கணிப்பு என்பதா? அந்த ஊர்க் கணக்கில் இரண்டும் ஒன்றேதானோ என்னவோ.

சரி, யார் இந்த அஸ்பாசியா?

மிலேட்டஸ் இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த கிரேக்க நகரம். நதி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் துறைமுகம் தூர்ந்து, கடல் பல கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. இன்றைக்கு வயல்களுக்கு நடுவில் இடிபாடுகளாக நிற்கிறது. உலகம் எதனால் ஆனது என்று தெய்வங்களை இழுக்காமல் கேட்டுப் பார்த்த தேலீஸ் அந்த ஊர்க்காரர். அனாக்சிமாண்டரும் அந்த ஊர்தான். அந்தப் பகுதிக்கு அயோனியா என்று பெயர். நம் சங்கப் பாடல்களில் வரும் ‘யவனர்’ என்ற சொல் பல வாய் மாறி வந்தது அங்கிருந்துதான். ஆக, அசல் பொருளில் யவனப் பெண் என்று யாரையாவது சொல்வதானால் அஸ்பாசியாவைச் சொல்லலாம்.

கி.மு. 494-இல் பாரசீகர்கள் மிலேட்டஸை அழித்தார்கள். அதை வைத்து ஃபிரினிகஸ் ஒரு நாடகம் போட்டார். ஏதென்ஸ் அரங்கமே கதறி அழுதது. அழவைத்ததற்காக அவருக்கு 1,000 திராக்மா அபராதம் போட்டது நகரம். அஸ்பாசியா அதற்கு இருபது, இருபத்தைந்து ஆண்டு கழித்து, திரும்பவும் எழுந்து நின்ற ஊரில் பிறந்தவள்.

ஏதென்ஸுக்கு எப்படி வந்தாள் என்பதில் எனக்குப் பிடித்த ஒரு ஊகம் இருக்கிறது. பின்னால் பேர்போன ஏதென்ஸ் தளபதி அல்சிபியாடீஸின் தாத்தா ஒருவர், அவருக்கும் அதே பெயர். ஏதென்ஸ் மக்கள் ஓட்டுப் போட்டு அவரை ஊரைவிட்டு அனுப்பினார்கள். பத்தாண்டு வெளியே இருக்க வேண்டும். அது அங்கே சட்டம். திரும்பி வந்தவரின் பிள்ளைகளில் ஒருவனுக்கு அக்ஸியோகஸ் என்று பெயர். ஏதென்ஸில் வழக்கமில்லாத பெயர். அஸ்பாசியாவின் அப்பா பெயர். அதனால் அவர் நாடு கடந்திருந்த காலத்தில் மிலேட்டஸில் அக்ஸியோகஸின் மகள் ஒருத்தியைக் கட்டியிருப்பார், திரும்பும்போது மனைவியோடு அவள் தங்கையும் கூட வந்திருப்பாள், அந்தத் தங்கைதான் அஸ்பாசியா என்கிறார்கள். முடிந்த முடிவு என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் இது சரியென்றால், ‘வேசி வீடு நடத்த வந்தவள்’ என்று நாடகக்காரர்கள் சொன்னவள், உண்மையில் அக்கா வீட்டோடு வந்த பெரிய இடத்துப் பெண். ஒரு பேரனின் பெயரை வைத்து ஒரு பெண்ணின் மானத்தை மீட்கப் பார்க்கிறார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

எப்படி வந்தாலும் ஏதென்ஸில் அவள் வெளியூர்க்காரி. அப்படி வந்து குடியிருப்பவர்களை ‘மெட்டிக்’ என்பார்கள். தலைவரி கட்ட வேண்டும், ஆணுக்கு ஆண்டுக்கு 12 திராக்மா, தனித்து வாழும் பெண்ணுக்கு 6. நிலம் வாங்க முடியாது. உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். இதெல்லாம் பழைய சட்டம். புதிதாக ஒன்று வந்தது, கி.மு. 451-இல்: தாய், தகப்பன் இருவரும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளை குடிமகன். அதைக் கொண்டுவந்தவர் பெரிக்ளீஸ்.

சில ஆண்டுகளில் அதே பெரிக்ளீஸ் மிலேட்டஸ்காரியோடு வாழ ஆரம்பித்தார். அவர்களுக்குப் பிறந்த பையனுக்கும் பெரிக்ளீஸ் என்றே பெயர் வைத்தார்கள். பெயர் கொடுக்க முடிந்தது. குடியுரிமை கொடுக்க முடியவில்லை.

இவளை எந்தச் சொல்லால் குறிப்பது என்பது தமிழில் எழுதும்போது ஒரு தொல்லை. கிரேக்கச் சொல் ‘ஹெட்டைரா’. நேர்ப்பொருள் தோழி. படித்த, பாட்டும் பேச்சும் தெரிந்த, ஆண்களின் விருந்துகளுக்குப் போகிற பெண். கணிகை என்றால் மாதவி வந்து நிற்கிறாள். பரத்தை என்றால் மருதத்திணை வந்துவிடுகிறது. இரண்டும் வேறு ஊர், வேறு ஒழுங்கு. அஸ்பாசியாவுக்கு நூறாண்டு கழித்து ஒரு ஏதென்ஸ் வழக்கில் ஒருவன் மூன்றாகப் பிரித்துச் சொன்னான்: ஹெட்டைரா இன்பத்துக்கு, ‘பல்லகே’ அன்றாட உடம்புப் பராமரிப்புக்கு, மனைவி முறையான பிள்ளை பெறவும் வீட்டைக் காக்கவும். சேர்த்து வைத்துக்கொண்ட பெண்ணைப் பல்லகே என்பார்கள். அஸ்பாசியா பெரிக்ளீஸின் வீட்டில் மனைவி மாதிரி வாழ்ந்தாள். மனைவி ஆக முடியாது. நான் அவளை அஸ்பாசியா என்றே எழுதுகிறேன். பெயர்தான் இருக்கிறதே.

அந்தப் பெயருக்கு ஒரு பொருளும் உண்டு. வந்தால் மகிழ்ந்து வரவேற்கப்படுபவள் என்கிற மாதிரி. பெரிக்ளீஸ் தினமும் சந்தைச் சதுக்கத்துக்குக் கிளம்பும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை அவளை முத்தமிடுவார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். அங்கே அவர் போட்டிருக்கும் கிரேக்க வினைச்சொல்லும் இந்தப் பெயரும் ஒரே வேர். வேண்டுமென்றே செய்த சிலேடையா, தானாக விழுந்ததா தெரியாது. ஒரு மனிதன் தன் வீட்டுப் பெண்ணை வாசலில் முத்தமிட்டது ஊர்ச் செய்தியாகி, ஐந்நூறு ஆண்டு கழித்து எழுதிய ஒருவரின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த ஊரில் ஆண்கள் மனைவியை எப்படி நடத்தினார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனி வசவுகள். ஏதென்ஸின் நகைச்சுவை நாடகம் நாம் நினைக்கிற மாதிரி மென்மையானது இல்லை. உயிரோடு இருக்கும் தலைவர்களைப் பெயர் சொல்லி, முன்வரிசையில் அவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே, கால்சட்டையை உருவாத குறையாகக் கிண்டல் செய்வார்கள். பெரிக்ளீஸுக்கு ‘ஒலிம்பியன்’ என்று பட்டம், தெய்வங்களின் அரசன் ஜீயஸுக்கு உரியது. அப்படியானால் கூட இருப்பவள் ஜீயஸின் பெண்டாட்டி ஹீராதானே? கிராட்டினஸ் என்ற நாடகக்காரர் அவளை ஹீரா என்றே அழைத்து, அடுத்த மூச்சில் ‘நாய்க்கண் வைப்பாட்டி’ என்றார். இன்னொரு பக்கம் அவளை ஓம்ஃபலே என்றார்கள். மகாவீரன் ஹெராக்ளீஸை அடிமையாக வைத்து வேலை வாங்கிய ராணி.

யூபோலிஸின் நாடகத்தில் பெரிக்ளீஸ் பாதாள உலகத்திலிருந்து எழுந்து வருகிறார். வந்ததும் கேட்கிறார், என் முறைதவறிய பிள்ளை உயிரோடு இருக்கிறானா? இருக்கிறான், எப்போதோ ஆளாகியிருப்பான், தாய் வேசி என்ற கூச்சம்தான் தடுக்கிறது என்று பதில் வருகிறது. சிரித்திருப்பார்கள். அந்தப் பையன் அப்போது அதே ஊரில் நடமாடிக்கொண்டிருந்தான்.

அரிஸ்டோபனீஸ் எல்லோருக்கும் மேலே போனார். கி.மு. 425-இல் அரங்கேறிய அவர் நாடகத்தில் குடியானவன் ஒருவன் போர் மூண்ட கதையைச் சொல்கிறான். குடித்த ஏதென்ஸ் இளவட்டங்கள் சில பேர் மெகாரா ஊருக்குப் போய் சிமைத்தா என்ற வேசியைத் தூக்கி வந்தார்களாம். பூண்டு தின்ற சேவல் மாதிரி வெறியேறிய மெகாராக்காரர்கள் பதிலுக்கு அஸ்பாசியாவிடமிருந்து இரண்டு வேசிகளைத் தூக்கிப் போனார்களாம். ஒலிம்பியனுக்குக் கோபம் வந்து இடி இடித்து, மின்னலடித்து, மெகாராக்காரர்கள் எங்கள் சந்தையில் கால் வைக்கக் கூடாது என்று சட்டம் போட, கிரேக்கமே போர்க்களமானதாம். மெகாராவை ஏதென்ஸின் சந்தைகளிலிருந்தும் துறைமுகங்களிலிருந்தும் விலக்கிய சட்டம் உண்மை. அதற்கான காரணம்தான் நாடகக்காரரின் கைச்சரக்கு. இந்த நாடகம் வந்தபோது பெரிக்ளீஸ் செத்து நான்கு ஆண்டு ஆகிவிட்டது. அஸ்பாசியாவின் பெயரைச் சொன்னால் அப்போதும் அரங்கம் சிரித்தது.

இந்தப் பேச்சுக்குக் கொஞ்சம் பழைய விதையும் உண்டு. கி.மு. 440-இல் பிரியேனே என்ற சிறு ஊர் யாருக்கு என்று மிலேட்டஸும் சாமோஸ் தீவும் சண்டை போட்டுக்கொண்டன. மிலேட்டஸ் தோற்று ஏதென்ஸிடம் முறையிட்டது. பெரிக்ளீஸ் கப்பல்களோடு போனார். சாமோஸ் ஒன்பதாம் மாதத்தில்தான் பணிந்தது. சாமோஸ் பெரிய கடற்படை வைத்திருந்த தீவு, ஏதென்ஸின் கூட்டணியை மீறினால் மற்ற தீவுகளும் மீறும், அதனால் அடக்கினார்கள் என்பது எவருக்கும் புரியும் அரசியல். ஆனால் ஊர் என்ன சொன்னது? பிறந்த வீட்டுக்காக அவள் தூண்டிவிட்டாள்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பெரிக்ளீஸைக் காசு வாங்கினான் என்று சொல்ல முடியவில்லை. அந்த விஷயத்தில் அவர் கை சுத்தம் என்று துசிடிடீஸே எழுதுகிறார். கோழை என்றும் சொல்ல முடியாது. மிஞ்சியது வீடு. அடிக்கக் கிடைத்த ஒரே இடம் அவள். அவளைத் திட்டியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவளைப் பற்றி அக்கறையே இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

ஹெர்மிப்பஸ் என்ற நாடகக்காரர் அவள் மேல் வழக்கே போட்டார் என்கிறார் புளூட்டார்க். தெய்வ நிந்தனை, கூடவே, பெரிக்ளீஸுக்காகக் குடும்பப் பெண்களை வரவழைத்துக் கொடுக்கிறாள் என்றும் குற்றச்சாட்டு. அது உண்மையான வழக்கா, ஏதோ நாடகத்தில் வந்த காட்சியைப் பின்னால் வந்தவர்கள் வழக்கென்று நம்பிவிட்டார்களா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் அந்தக் காட்சியில் ஒன்று மனதைவிட்டுப் போகவில்லை. பெரிக்ளீஸ் நீதிபதிகள் முன்னால் கண்ணீர்விட்டு அழுது அவளை விடுவித்தாராம். தன் மகன் பாரலஸின் பிணத்துக்கு மாலை போடும்போதுதான் அவர் வாழ்நாளில் முதல்முறையாக வெடித்து அழுதார் என்று இன்னோரிடத்தில் இதே புளூட்டார்க் எழுதுகிறார். இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று அவர் கவலைப்படவில்லை. வழக்கு உண்மையானால் அஸ்பாசியா அங்கே ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது. ஏதென்ஸ் நீதிமன்றத்தில் பெண் தனக்காகத் தானே வாதாட வழியில்லை. ஊருக்கெல்லாம் பேசக் கற்றுக்கொடுத்தவள் என்று பெயர் வாங்கியவளுக்காக இன்னொருவர் அழ வேண்டியிருந்தது.

பேசக் கற்றுக்கொடுத்தவள் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? அது சாக்ரடீஸின் பக்கத்திலிருந்து. சாக்ரடீஸ் தன் சீடர்களோடு அவள் வீட்டுக்குப் போவார். அவளோடு பழகிய ஆண்கள் தங்கள் மனைவிகளையும் அவள் பேச்சைக் கேட்க அழைத்துப் போவார்கள் என்கிறார் புளூட்டார்க். அடுத்த வரியிலேயே, அவள் நடத்திய தொழில் கௌரவமானது இல்லை, இளம் பெண்களை வைத்துப் பராமரித்தாள் என்று சேர்த்துக்கொள்கிறார். அப்படிப்பட்ட வீட்டுக்கு எவன் பெண்டாட்டியைக் கூட்டிப் போவான் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒரு கையில் தத்துவக்காரர்களின் நூல், இன்னொரு கையில் நாடகக்காரர்களின் நூல், இரண்டிலிருந்தும் எடுத்துப் போட்டு எழுதியிருக்கிறார்.

சாக்ரடீஸின் சீடர் பிளேட்டோ எழுதிய ‘மெனெக்சினஸ்’ என்ற சிறு உரையாடலில் சாக்ரடீஸ் சொல்கிறார்: பேச்சுக்கலையில் என் ஆசிரியை அஸ்பாசியா, பல பேரை நல்ல பேச்சாளராக்கியவள், பெரிக்ளீஸையும் சேர்த்து. நேற்றுதான் ஓர் இரங்கல் உரை சொல்லிக்கொடுத்தாள். பாதி அப்போதே கட்டியது, மீதி பெரிக்ளீஸ் பேசிய உரையை அவள் எழுதிக்கொடுத்தபோது மிஞ்சிய துண்டுகளை ஒட்டியது. மறந்துபோன இடத்தில் அடி விழாத குறை.

அந்தப் புகழ்பெற்ற உரை, பெண்கள் பெயர் வெளியே வரக் கூடாது என்று முடிகிற உரை, அஸ்பாசியா எழுதியது என்கிறார் சாக்ரடீஸ்!

பிளேட்டோ குறும்பு செய்கிறார், சந்தேகமில்லை. சாக்ரடீஸ் ஒப்பிக்கும் உரையில் கி.மு. 387-இல் நடந்த சமாதான ஒப்பந்தம் வரைக்கும் வருகிறது. சாக்ரடீஸ் நஞ்சு குடித்தது 399-இல். பன்னிரண்டு ஆண்டு முன்னால் செத்தவர் பேசுகிறார் என்று வாசகருக்குத் தெரியட்டும் என்றே செய்திருக்கிறார். ஆனால் நையாண்டிக்கும் ஒரு பிடிமானம் வேண்டும். அவளுக்குப் பேச்சு வரும் என்று ஊர் நம்பியிருந்தால்தான் அது நையாண்டியாகும்.

இன்னொரு சீடர் செனபோன் எழுதும் சாக்ரடீஸ் இன்னும் சாதாரணமாக அவள் பெயரை எடுக்கிறார். கல்யாணத் தரகு பற்றிப் பேச்சு வரும்போது, உள்ளதை உள்ளபடி சொல்லும் தரகர்தான் நல்ல சம்பந்தம் முடிப்பார், பொய்ப் புகழ்ச்சியில் சேர்த்துவைத்தால் இருவரும் ஒருவரையொருவர் வெறுப்பதோடு சேர்த்துவைத்தவரையும் வெறுப்பார்கள் என்று அஸ்பாசியா தன்னிடம் சொன்னதாகச் சொல்கிறார். மனைவிக்கு வீட்டு நிர்வாகம் பழக்குவது எப்படி என்று நண்பன் கேட்டால், அஸ்பாசியாவிடம் அழைத்துப் போகிறேன், என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும் என்கிறார். வேசி வீட்டுக்காரி என்று அரங்கம் சிரித்த அதே பெண்ணிடம், அதே ஊரில், குடும்பம் நடத்தப் புத்தி கேட்கலாம் என்கிறார்கள்.

எனக்கு மிகப் பிடித்த இடம் இன்னொன்று. சாக்ரடீஸின் மாணவர் எஸ்கினீஸ் ‘அஸ்பாசியா’ என்ற பெயரிலேயே ஓர் உரையாடல் எழுதினார். முழுதாகக் கிடைக்கவில்லை. அதில் ஒரு பகுதியை ரோமானியர் சிசரோ எடுத்தாண்டதால் பிழைத்திருக்கிறது. செனபோன் என்ற பெயருள்ள ஒருவனும் அவன் மனைவியும் அஸ்பாசியா முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் மனைவியிடம் கேட்கிறாள்.

‘பக்கத்து வீட்டுக்காரியிடம் உன்னுடையதைவிட நல்ல தங்க நகை இருந்தால், உனக்கு எது வேண்டும்? உன்னுடையதா, அவளுடையதா?’

‘அவளுடையது.’

‘உடுப்பும் மற்ற அலங்காரமும் அவளிடம் விலை உயர்ந்ததாக இருந்தால்?’

‘அவளுடையதுதான்.’

‘சரி, அவள் புருஷன் உன் புருஷனைவிட நல்லவனாக இருந்தால்?’

மனைவி முகம் சிவந்துவிட்டது. அஸ்பாசியா புருஷன் பக்கம் திரும்புகிறாள். பக்கத்து வீட்டுக்காரனிடம் நல்ல குதிரை இருந்தால்? அவன் குதிரை. நல்ல நிலம் இருந்தால்? அவன் நிலம். உன் மனைவியைவிட நல்ல மனைவி இருந்தால்? அவனும் வாயைத் திறக்கவில்லை. நான் கேட்க நினைத்த ஒன்றுக்கு மட்டும் இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை, அதனால் நானே சொல்கிறேன் என்கிறாள் அஸ்பாசியா. உனக்கு இருப்பதிலேயே நல்ல புருஷன் வேண்டும், உனக்கு இருப்பதிலேயே நல்ல மனைவி வேண்டும். உன்னைவிட நல்ல ஆணும், உன்னைவிட நல்ல பெண்ணும் உலகத்தில் இல்லை என்று நீங்கள் இருவரும் ஆகாதவரை அந்த ஏக்கம் தீராது.

சிசரோ இதை வாதம் கட்டும் முறைக்கு உதாரணமாகத் தருகிறார். ஒத்துக்கொள்ளக்கூடிய இரண்டை முதலில் ஒத்துக்கொள்ள வைத்து மூன்றாவதில் மடக்குவது. சாக்ரடீஸின் முறை என்று நாம் படித்தது. எனக்கு வாதத்தைவிட அந்த மௌனம்தான் பிடித்தது. புருஷனையும் பெண்டாட்டியையும் ஒரே அறையில் வைத்து, ஒரே கேள்வியை இருவரிடமும் சமமாகக் கேட்கிறாள். அவனும் பாதி பொறுப்பு என்கிறாள். அந்த ஊரில் வேறு யாராவது அப்படிக் கேட்டதாக நான் படித்ததில்லை. இந்தக் கேள்வியை என் வீட்டில் கேட்டுப் பார்க்கலாமா என்று நினைத்தேன். குதிரை வரைக்கும் பரவாயில்லை, அதற்குமேல் துணிச்சல் வரவில்லை.

இதுவும் அவளே சொன்னதா, எஸ்கினீஸ் அவள் வாயில் வைத்ததா என்றால், பின்னதாகத்தான் இருக்கும். அவள் கையால் எழுதியது ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. ஆனால் கெட்டிக்காரத்தனமான ஒரு பெண் பாத்திரம் தேவைப்பட்டபோது அவர்களுக்குத் தோன்றிய பெயர் இது. இதை வைத்துக்கொண்டு ‘சாக்ரடீஸின் குரு’, ‘பெண்ணியத்தின் முதல் தத்துவ அறிஞர்’ என்று இன்றைக்குக் கொண்டாடுகிறவர்களோடு என்னால் முழுதாகச் சேர முடியவில்லை. நாடகக்காரர்களை நம்பாதபோது தத்துவக்காரர்களை மட்டும் அப்படியே நம்புவது எப்படி நியாயம்?

போர் தொடங்கிய மறு ஆண்டு ஏதென்ஸில் கொள்ளைநோய் புகுந்தது. மூத்தவன் சாந்திப்பஸ் செத்தான். அப்புறம் பாரலஸ். முறையான வாரிசு இல்லாமல் நின்ற பெரிக்ளீஸ், தானே கொண்டுவந்த சட்டத்திலிருந்து தன் மகனுக்கு விலக்குக் கேட்டு மக்கள் முன் நின்றார். இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு, எகிப்திலிருந்து வந்த இலவசத் தானியத்தைப் பங்கிடும் சமயத்தில், ஏறக்குறைய 5,000 பேரைக் குடிமக்கள் இல்லை என்று கண்டுபிடித்து அடிமையாக விற்றார்கள், தேறியவர்கள் 14,040 பேர் என்று புளூட்டார்க் ஒரு கணக்குத் தருகிறார். அத்தனை பேர் வயிற்றில் அடித்த சட்டம் இவர் வீட்டு வாசலுக்கு வந்ததும் வளைய வேண்டுமா என்று யாராவது கேட்டிருக்கலாம். மக்கள் இரங்கினார்கள். பட்ட அடி போதும் என்று நினைத்தார்களாம். அஸ்பாசியாவின் மகன் தந்தை பெயரோடு குடிமக்கள் பட்டியலில் ஏறினான். கி.மு. 429-இல் பெரிக்ளீஸும் போய்ச் சேர்ந்தார்.

அதன் பிறகு அவள் லிசிக்ளீஸ் என்பவனோடு வாழ்ந்தாள். ஆட்டு வியாபாரி. ஒன்றுமில்லாத அவனை அவள்தான் பெரிய அரசியல்வாதியாக்கினாள் என்கிறது எஸ்கினீஸின் கதை. மறு ஆண்டே அவன் காரியாவில் நடந்த சண்டையில் செத்துவிட்டான். பெரிக்ளீஸ் செத்த சூட்டில் அவள் இன்னொருவனைத் தேடிக்கொண்டாள் என்று அன்றைக்கும் முகம் சுளித்திருப்பார்கள், இன்றைக்கும் சுளிக்கிறார்கள். ஆனால் வெளியூர்ப் பெண், ஆண் துணையில்லாத வீடு, போர்க்காலம், கொள்ளைநோய். யாரும் பொறுப்பேற்காமல் அந்த ஊரில் அவள் நிற்க முடியாது. ஏதென்ஸ்காரியான கைம்பெண்ணாக இருந்தால் சொந்தக்காரர்களே அடுத்த கல்யாணத்தை முடித்துவைத்திருப்பார்கள். பெயரும் வெளியே வந்திருக்காது.

மகன் சின்னப் பெரிக்ளீஸ் நகரத்தின் பத்துத் தளபதிகளில் ஒருவன் ஆனான். கி.மு. 406-இல் அர்கினூசே தீவுகளுக்கு அருகே ஏதென்ஸ் பெரும் கடற்போரில் வென்றது. ஆனால் உடைந்த கப்பல்களைப் பற்றிக்கொண்டு தத்தளித்த தங்கள் ஆட்களைப் புயலினால் மீட்க முடியவில்லை. வென்று வந்தவர்கள் மேல் வழக்கு. ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிக்காமல், எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே ஓட்டு. அன்று அவையை நடத்தும் குழுவில் இருந்த சாக்ரடீஸ், இது சட்டத்துக்கு விரோதம் என்று மறுத்தார். கேட்கவில்லை. இரண்டு பேர் ஊர் திரும்பாமல் தப்பினார்கள். திரும்பி வந்த ஆறு பேரைக் கொன்றார்கள். அவர்களில் ஒருவன் பெரிக்ளீஸின் மகன் பெரிக்ளீஸ். சட்டத்தை வளைத்துக் குடிமகன் ஆக்கியவனை, சட்டத்தை வளைத்தே கொன்றார்கள்.

அப்போது அவள் உயிரோடு இருந்திருந்தால் அறுபதைத் தாண்டியிருப்பாள். இல்லாமல் இருந்திருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது.

இதையெல்லாம் படிப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுற்றுலாக் கூட்டத்தோடு ரோமுக்குப் போயிருந்தேன். வாடிகன் அருங்காட்சியகத்தில் எங்களை ஆடு ஓட்டுகிற மாதிரி ஓட்டிப் போனார்கள். சிஸ்டைன் தேவாலயத்துக்கு நேரமாகிவிட்டது என்று வழிகாட்டி குடையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே இருந்தார். வழியில் கலைத்தேவதைகளின் கூடம் ஒன்று. அங்கே தலைக்கவசம் போட்ட பெரிக்ளீஸின் சிலையை நின்று போட்டோ எடுத்தேன். போனில் இன்னும் இருக்கிறது. அதே கூடத்தில் அஸ்பாசியாவின் சிலையும் இருக்கிறது என்பது இப்போதுதான் தெரிய வந்தது. பார்த்திருப்பேன், தெரியாமல் கடந்திருப்பேன். 1777-இல் ரோமுக்கு வடக்கே சிவிடாவெக்கியா அருகே கிடைத்தது. கல்தூண் மேல் ஒரு தலை. அலையலையான கூந்தல், மேலே முக்காடு. முகத்தை வைத்து எவராலும் சொல்ல முடியாது. எந்தக் குடும்பப் பெண்ணின் முகமாகவும் இருக்கலாம். தூணின் அடியில் கிரேக்க எழுத்தில் பெயர் வெட்டியிருப்பதால்தான் அது அவள்.

புளூட்டார்க் அவளைப் பற்றிய அத்தியாயத்தை முடிக்கும் இடத்தில், எழுதும்போது நினைவுக்கு வந்தது, விட மனமில்லை என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒரு துணுக்குச் சொல்கிறார். அஸ்பாசியாவின் பேர் அவ்வளவு தூரம் பரவியிருந்ததாம். அண்ணனிடமிருந்து பாரசீக அரியணையைப் பறிக்கப் படை திரட்டிப் போன இளைய சைரஸ், தன் பெண்களில் தனக்கு மிகப் பிரியமானவளுக்கு அஸ்பாசியா என்று பெயர் மாற்றி வைத்தான். கி.மு. 401-இல் அவன் போரில் செத்ததும் அவளைப் பிடித்து அரசனிடம் கொண்டு போனார்கள். அங்கேயும் அவள் செல்வாக்கோடு இருந்தாள். ஏதென்ஸ் அரங்கம் வசவாகப் பயன்படுத்திய பெயரை, ஒரு தலைமுறைக்குள் ஓர் இளவரசன் கொஞ்சுவதற்கு எடுத்துக்கொண்டான். அவளும் அயோனியாக்காரிதான். அவளுடைய சொந்தப் பெயரையும் புளூட்டார்க் ஒரு முறை சொல்கிறார். காலண்டர் தாளில் அவளுக்குக் கட்டம் இல்லை, குடும்ப மரத்தில் அவள் யாருக்கும் எதுவும் இல்லை. கீழே தேதிகள் தெரிகிற ஓரத்தில் எழுதி வைத்தேன்: மில்டோ, ஹெர்மோடிமஸின் மகள், ஊர் ஃபோக்கேயா.